பேஸ் வாசிச்சவருக்கு எதுக்கு இவ்ளோ துக்கம்?

வணக்கம் சார்,

ரெகே (ஜமைக்கா இசை) ஆளுங்க ஒவ்வொருத்தரா போயிட்டே இருக்காங்கன்னு போன வாரம் எழுதியிருந்தீங்க. பாடகர் ஜிம்மி கிளிஃப் போனது எனக்கும் கஷ்டமாதான் இருந்துச்சு. ஐரிஷ் பாடகி ஷினேட் ஓ'கானர் இறந்தப்ப ரெண்டு நாள் வேற பாட்டே கேக்கல. ஆனா ஃபேமிலி மேன் பாரெட்டுக்கு அவ்ளோ பெரிய பாரா எதுக்குன்னு புரியல. பாப் மார்லி பின்னாடி பேஸ் வாசிச்சவர்தானே? குரல் போனா இழப்பு, சரி. பேஸ் கிட்டார் வேற யாராவது வாசிச்சுட்டு போறாங்க. தெரிஞ்சுக்கதான் கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க.

ஒரு வாசகி

*

கோவமெல்லாம் இல்லங்க. ரெகேல கிட்டார் சக் சக்னு ஆஃப்பீட்ல (ரெண்டு தாளத்துக்கு நடுவுல) வெட்டிட்டு ஒதுங்கிடும், டிரம்ஸ்ல ஒன் டிராப்னு ஒண்ணு இருக்கு, அதுல முதல் பீட்டை காலியா விட்டுட்டு மூணாவதுலதான் அடி விழும், அப்போ பாட்டை நடத்திட்டு போறது யாரு? பேஸ்தான். மார்லி பாட்டுல நீங்க உங்களை அறியாம முணுமுணுக்கறது பாதி நேரம் அவர் குரலை இல்ல, ஆஸ்டன் பாரெட்டோட (அதான் நம்ம ஃபேமிலி மேன்) விரலை.

அவர் முதல்ல வெல்டிங் வேலை பாத்தவர், முதல் பேஸை தானே மரத்துல செஞ்சுக்கிட்டவர். தம்பி கார்ல்டன் டிரம்ஸ். ரெண்டு பேரும் தயாரிப்பாளர் லீ பெர்ரியோட அப்செட்டர்ஸ் பேண்ட்ல வாசிச்சுட்டு இருந்து அப்புறம் மார்லியோட பேண்டான வெய்லர்ஸுக்கு வந்தவங்க, அதாவது மார்லி இவங்களை தேடி எடுத்துக்கிட்டார்னு சொல்றதுதான் சரி. (நிறைய பிள்ளைங்க இருந்ததால ஃபேமிலி மேன்னு பேர் வந்துச்சுன்னு எல்லாரும் நினைக்கறாங்க. பிள்ளைங்க பொறக்கறதுக்கு முன்னாடியே வந்த பேரு அது, பேண்டையே குடும்பமா நடத்தினதால.)

சரி, உங்க ஷினேட்டுக்கு வரேன். 1992 அக்டோபர் 3, அமெரிக்க டிவில லைவா போப் படத்தை கிழிச்சாங்களே, அன்னிக்கு ஒரு வாத்தியம் கூட இல்லாம பாடினது மார்லியோட 'வார்'. எத்தியோப்பியா பேரரசர் ஹைலி செலாசி 1963ல ஐநாவுல பேசின பேச்சுதான் அதோட வரிங்க. அந்தப் பாட்டுக்கு எழுதினவங்கன்னு ரெக்கார்டுல யார் பேர் இருக்கு தெரியுமா? ஆலன் கோல், கார்ல்டன் பாரெட். நம்ம ஆளோட தம்பி! 1987ல ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டன்ல சுட்டுக் கொன்னுட்டாங்க அவரை.

அதோட முடியல. 2005ல ஷினேட் ஒரு முழு ரெகே ஆல்பம் போட்டாங்க, கிங்ஸ்டனுக்கே போய், ஸ்லை (டிரம்ஸ்) - ராபி (பேஸ்) ஜோடியோட. அந்த ராபி ஷேக்ஸ்பியருக்கு பேஸ் கத்துக்குடுத்தது ஃபேமிலி மேன். ராபி 2021 டிசம்பர்ல போனார், 68 வயசு. கிரேஸ் ஜோன்ஸ், பாப் டிலன்னு அவர் வாசிக்காத இடமே இல்ல. மார்லியோட 'காங்க்ரீட் ஜங்கிள்'ல கேக்கற பேஸும் குருவோடது இல்ல, சிஷ்யனோடதுதான். ஆக நீங்க ரெண்டு நாள் பாட்டு கேக்காம இருந்தீங்களே, அந்த துக்கத்துல பாரெட் குடும்பத்துக்கும் பங்கு இருக்குங்க, உங்களுக்கு தெரியலன்னாலும்.

எனக்கு உறுத்தறது வேற. 2006ல ஃபேமிலி மேன் தனக்கும் செத்துப்போன தம்பிக்கும் சேர வேண்டிய ராயல்டின்னு 6 கோடி பவுண்ட் கேட்டு லண்டன் ஹைகோர்ட்ல கேஸ் போட்டு தோத்துட்டார், 1994லயே 5 லட்சம் டாலர் வாங்கிட்டு செட்டில் பண்ணிட்டீங்களேன்னு கேஸை தள்ளிட்டாங்க. சட்டப்படி சரியா இருக்கலாம். காதுல கேக்கறதுக்கும் காகிதத்துல இருக்கறதுக்கும் இவ்ளோ தூரம் இருக்கறது எனக்கு ஜீரணமாகல, அவ்ளோதான்.

2024 பிப்ரவரி 3, மயாமில இறந்தார், 77 வயசு. சரியா 11 நாள் கழிச்சு, 14ஆம் தேதி, மார்லி வாழ்க்கையைப் பத்தின படம் ரிலீஸ். அதுல ஃபேமிலி மேனா நடிச்சு பேஸ் பிடிச்சது அவரோட சொந்த பையன், ஆஸ்டன் பாரெட் ஜூனியர். ஊரெல்லாம் படத்தைப் பத்தி பேசிச்சு, அப்பா போனதை எத்தனை பேர் கவனிச்சாங்கன்னு நீங்களே சொல்லுங்க.

ஜிம்மி கிளிஃபுக்கு தனியா எழுதணும், இதுல அடங்காது. இப்போதைக்கு 'வார்' ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க, முதல்ல ஷினேட் பாடினது, அப்புறம் வெய்லர்ஸோடது. தயவுசெஞ்சு ஹெட்ஃபோன்ல. போன் ஸ்பீக்கர்ல பேஸ் வரவே வராது, அப்புறம் மறுபடியும் எனக்கு இதே லெட்டர் போடுவீங்க.