டீச்சரிடம் கேளுங்கள்: வகுப்பில் ஏன் இவ்வளவு சத்தம்?

கேள்வி: என் மகன் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. ஒருநாள் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். டீச்சரும் கூடவே உட்கார்ந்திருக்கிறார். பாடம் எப்போதுதான் நடத்துவார்கள்?
– ஒரு தாய், அரூர்

பதில்: நீங்கள் பார்த்ததுதான் பாடம், அம்மா.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். 52-இல் 27 போனால் மீதி? ஒரு சிறுமி 35 என்று எழுதியிருந்தாள். 2-இல் 7 போகாதே, அதனால் 7-இல் 2-ஐக் கழித்துவிட்டாள். இந்த வயதில் பலரும் செய்வதுதான். 'பக்கத்தில் கடன் வாங்கு' என்று நானே போர்டில் போட்டுக் காட்டினால் பார்த்து எழுதிவிடுவாள். மறுநாள் மறுபடி 35 வரும். எனவே திருத்தவில்லை. ரப்பர் பேண்டு போட்ட பத்துப் பத்து ஈர்க்குச்சிக் கட்டுகள் ஐந்து, உதிரி இரண்டு கொடுத்து, "27 குச்சி கொடு" என்றேன். இரண்டு கட்டுகளைச் சட்டென்று நீட்டினாள். இன்னும் ஏழு வேண்டும், உதிரியோ இரண்டுதான். என்னைப் பார்த்தாள். நான் வாயே திறக்கவில்லை (இந்த வேலையில் கஷ்டமே அதுதான்). பக்கத்துப் பையன், "ரப்பர் பேண்டைக் கழட்டு" என்றான். கழற்றி எண்ணிக் கொடுத்தாள். மிச்சம் 25. அப்புறம் அவளே சிலேட்டில் 35-ஐ அழித்தாள்.

இது நேற்று வந்ததும் இல்லை. ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்து ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக ஓர் அட்டை முறை உருவானது; பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, பிள்ளைகளே எடுத்துச் செய்து கற்பது. அதைப் பின்பற்றி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் சுவரில் கரும்பலகை வந்தது அதனால்தான். அட்டையை எடுத்துக் கொடுத்து அடுக்கி வைப்பதோடு முடிந்துபோன வகுப்புகளும் உண்டு, மறைப்பானேன்! 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், பிள்ளைகளை அவரவர் கற்றிருக்கும் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். மூன்றாம் வகுப்பிலேயே இருந்தாலும், எழுத்து தெரியாத பிள்ளைக்கு எழுத்திலிருந்துதான் தொடக்கம்.

கேள்வி: அப்படியானால் எல்லாவற்றையும் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டுமா?
– ஒரு தாத்தா, திண்டிவனம்

பதில்: வேண்டாம் ஐயா. 'ழ' எழுதுவது எப்படி என்று எந்தக் குழந்தையும் தானாகக் கண்டுபிடிக்காது. கையைப் பிடித்துத்தான் காட்ட வேண்டும். வாய்ப்பாடும் விட்டுவிடக் கூடியதில்லை. ஏழு நான்கு ஏன் 28 என்று புளியங்கொட்டையை வரிசை வரிசையாக வைத்துப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு மனப்பாடம்தான், உங்கள் காலத்தைப் போலவே, ராகம் போட்டு!