நாற்காலியா, அட்டவணையா?

கேள்வி: முடிவை முன்கூட்டியே எழுதி வைத்து ஆடும் மல்யுத்தத்தில் நாக்-அவுட் தொடர் எதற்கு? 1988-இல் டபிள்யூடபிள்யூஎஃப் (WWF) மல்யுத்த நிறுவனத்தின் ஆண்டுப் பெருநிகழ்ச்சியான ரெஸில்மேனியா 4 இறுதிப் போட்டியில் ஹோகன் நாற்காலியால் அடித்திருக்காவிட்டால் ராண்டி சாவேஜ் ஜெயித்திருப்பாரா?

பதில்: எழுதி வைத்த முடிவு என்று நீங்களே சொல்லிவிட்டு, அடுத்த வரியில் யார் ஜெயித்திருப்பார் என்று ஆராய்கிறீர்களே! கேட்க வேண்டியது, எழுதியவர்கள் ஒழுங்காக எழுதினார்களா என்பதைத்தான். என் கணக்கில் பாதிதான் தேறும்.

அந்த ஆண்டு பிப்ரவரி 5 அன்று என்பிசி டிவி நேரலையில், சாம்பியன் ஹோகனின் தோள் தரையை விட்டு எழும்பிய பிறகும் ரெஃப்ரி மூன்று எண்ணி முடித்தார் (தோள் தரையில் பதிந்திருக்க மூன்று எண்ணினால் தோல்வி). பட்டம் எதிராளி ஆந்த்ரே கைக்குப் போனது. அவர் அதை அங்கேயே பணக்கார வில்லன் டெட் டிபியாஸியிடம் ஒப்படைத்தார். பெல்ட் விற்பனைச் சரக்கல்ல என்று நிறுவனத் தலைவராக வந்த ஜாக் டன்னி பட்டத்தைக் காலி என அறிவித்தார். அதை நிரப்பத்தான் மார்ச் 27 அன்று அட்லாண்டிக் சிட்டியில் 14 பேர் தொடர். (டிரம்ப் பிளாசா என்று விளம்பரம்; நடந்தது பக்கத்திலிருந்த கன்வென்ஷன் ஹாலில்.)

14 பேர் நாக்-அவுட் என்றால் 13 ஆட்டம் வரவேண்டும். நடந்தது 11. ஜேக் ராபர்ட்ஸும் ரிக் ரூடும் 15 நிமிடம் முடிந்து டிரா ஆனதால் இருவருமே வெளியே. அதனால் ஒன் மேன் கேங்குக்கு ஒரு சுற்று ஓசி. முதல் சுற்றில் 'பை' (ஆடாமலே அடுத்த சுற்றுக்கு அனுமதி) பெற்று நேராக இரண்டாம் சுற்றில் மோதிய ஹோகனும் ஆந்த்ரேவும் சேர்ந்தே டிஸ்குவாலிஃபை. அதனால் டிபியாஸி அரையிறுதி ஆடாமலே இறுதிக்குப் போனார். வில்லன் டிபியாஸிக்கு மூன்று ஆட்டம், நாயகன் சாவேஜுக்கு நான்கு. காசால் எதையும் வாங்குபவன் ஓய்வையும் வாங்கியதுபோல அட்டவணையே கதை சொல்கிறது. தொடர் எதற்கு என்றீர்களே, இதற்குத்தான்.

சறுக்கியது எங்கே? நடந்த 11-இல் 5 ஆட்டங்கள் பின்ஃபால் (தோள் பதிந்து மூன்று எண்ணிக்கை) இல்லாமல் முடிந்தவை: மூன்று டிஸ்குவாலிஃபை, ஒரு கவுண்ட்-அவுட் (எண்ணி முடிப்பதற்குள் ரிங்குக்குத் திரும்பாத தோல்வி), ஒரு டிரா. பெரிய பெயர்கள் தோள் பதியத் தோற்றால் மார்க்கெட் போய்விடும் என்ற பயம். ஒன்றிரண்டு என்றால் ரசிகன் பொறுப்பான். பட்டத்தைத் தீர்மானிக்கும் இரவில் பாதிக்குப் பாதி மழுப்பினால், கூட்டம் கொட்டாவி விடும். தொடருக்கு வெளியே இன்னும் ஐந்து ஆட்டங்கள். மொத்தம் 16, கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். ஹோகன் நடுவிலேயே வெளியேறியதும் அரங்கில் பாதி உயிர் போனது.

என்னால் மன்னிக்க முடியாதது மல்யுத்த வீரர் ரிக்கி ஸ்டீம்போட் விஷயம். முந்தைய ஆண்டு ரெஸில்மேனியா 3-இல் சாவேஜும் அவரும் ஆடியதை இன்றும் பாடமாகக் காட்டுகிறார்கள். இருவரும் ஜெயித்தால் இரண்டாம் சுற்றில் மீண்டும் மோதும்படிதான் அட்டவணை. இலை போட்டுவிட்டு, ஸ்டீம்போட்டை முதல் சுற்றிலேயே கிரெக் வாலண்டைனிடம் தோற்க வைத்து எழுப்பி அனுப்பிவிட்டார்கள்.

மீதியைத் தூக்கி நிறுத்தியவர் சாவேஜ். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வேறு நிற அங்கி, அவருடைய மேனேஜர் எலிசபெத்துக்கும் அப்படியே. இறுதிக்கு முந்தைய மூன்று ஆட்ட முடிவுகளிலும் ஒன்றைப்போல் ஒன்றில்லை: புட்ச் ரீடுக்கு மேல்கயிற்றிலிருந்து முழங்கை இடி, வாலண்டைன் காலைப் பூட்ட வந்தபோது சுருட்டிப் பிடித்த ஸ்மால் பேக்கேஜ், கேங் கைத்தடியைத் தூக்கியதால் டிஸ்குவாலிஃபை.

நாற்காலிக்கு வருவோம். இறுதியில் ஆந்த்ரே ரிங்குக்கு வெளியே நின்று சாவேஜின் காலை வாரிக்கொண்டே இருந்தார். எலிசபெத் உள்ளே போய் ஹோகனை அழைத்து வந்தார். ஆந்த்ரே பக்கம் ரெஃப்ரி திரும்பிய நேரம் டிபியாஸி முதுகில் நாற்காலி. பிறகு முழங்கை இடி, மூன்று எண்ணிக்கை. சாவேஜ் கையில் பெல்ட் 371 நாள் இருந்தது. 1989 ஏப்ரல் 2 அன்று, அதே அரங்கில், அதை அவரிடமிருந்து பறித்தவர் அந்த ஹோகனேதான்.