வாசனை பட்டதும் பழைய நினைவு பொங்கி வருவது ஏன்?

பாட்டியின் படத்தைப் பார்க்கும்போது வராத அழுகை, அவர் புடவையின் வாசனை பட்டதும் வருகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். மூளைக்குள் மணம் போகும் பாதைதான் இதற்குக் காரணம்.

பார்ப்பதும் கேட்பதும் மூளையின் நடுவில் உள்ள தாலமஸ் என்ற பகுதியைக் கடந்துதான் பெருமூளைப் புறணிக்கு, அதாவது மூளையின் வெளியடுக்குக்குப் போகின்றன. மணத்துக்கு அந்த இடைநிலை தேவையில்லை. மூக்கின் உட்கூரையில் உள்ள நரம்பு செல்கள் அதை நேராக மூளையில் மணத்தைக் கையாளும் நுகர்குமிழுக்கு அனுப்புகின்றன. அங்கிருந்து ஓரிரு இணைப்புகளிலேயே உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவையும், நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸையும் அது எட்டிவிடுகிறது. அதனால்தான் என்ன வாசனை என்று பெயர் சொல்வதற்குள் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

மனிதரின் மூக்கில் மணத்தை உணரும் புரதங்களான மண ஏற்பிகள் சுமார் 400 வகை உண்டு. இவற்றின் மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது வேறொன்று. சொல்லும் படமும் கிளப்பும் நினைவுகள் பெரும்பாலும் பதின்வயதையும் இருபதுகளின் தொடக்கத்தையும் சேர்ந்தவை. மணம் கிளப்புபவையோ பத்து வயதுக்கு முந்தையவையாக இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு மணத்தை முதன்முதலில் யாரோடு, எந்த இடத்தோடு சேர்த்து அறிகிறோமோ, அந்தப் பிணைப்பு எளிதில் அழிவதில்லை. பிறகு வரும் அனுபவங்கள் அதன்மேல் ஏறி உட்காருவது கடினம்.

ஆனால் இப்படி வரும் நினைவு துல்லியமானது என்று எண்ணிவிட வேண்டாம். விவரங்களில் அது மற்ற நினைவுகளைப் போலவே தவறலாம். கூடுதலாக இருப்பது உணர்ச்சியின் வேகம் மட்டுமே.