கரவனும் நாங்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில் போகிற போக்கில் ஒரு சேதி சொல்லியிருந்தேன். ஒரு பழைய டொல்பின் வானை வாங்கி, பின் சீற்றுகளைக் கழற்றி, கட்டில், குட்டிக் குசினி, தண்ணீர்த் தாங்கி, சோலார் எல்லாம் பூட்டி இவரும் நானும் அதைக் கரவனாக்கிவிட்டோம் என்று. சமையல் குறிப்புக்கு வராத கடிதமெல்லாம் இதற்கு வந்து குவிந்திருக்கிறது. ஆகவே இந்த முறை கரவன் மட்டும்தான். முழங்கால் நோவுக்கும் மருமகள் பிரச்சினைக்கும் அடுத்த இதழில் வருகிறேன்.

கேள்வி: முதல் பயணம் எங்கே போனீர்கள் அக்கா? கசூரினாவா, மணற்காடா?
– வாசகி, கொக்குவில்

எங்கேயும் போகவில்லை தங்கச்சி. எங்கள் வளவுக்குள், மாமரத்துக்கும் கிணற்றடிக்கும் நடுவில் வானை நிறுத்தி, வீட்டைப் பூட்டித் திறப்பை அடுத்த வீட்டு மச்சாளிடம் கொடுத்துவிட்டு, விடியும் வரை வானுக்குள்ளேயே இருந்தோம். திறப்பு கையில் இருந்தால் ஒரு கரண்டிக்கும் வீட்டுக்குள் ஓடுவோம், பிறகு அது என்ன பரீட்சை? காலையில் மச்சாள் தேத்தண்ணியோடு வந்து, குரலைத் தாழ்த்தி, "உங்களுக்குள்ள ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டா. ஒழுங்கை முழுக்க அந்தக் கதை எப்படிப் போயிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

புதிதாகக் கரவன் எடுக்கிற ஆருக்கும் நான் சொல்வது இதுதான்: முதல் இரவை உங்கள் முற்றத்தில் கழியுங்கள். கண்ணுக்கு மட்டமாகத் தெரிகிற நிலம் படுத்துப் பார்த்தால் மட்டமில்லை. தலை பதிந்து கால் உயர்ந்தால் நித்திரை வராது, தாச்சியில் எண்ணெய் ஒரு பக்கமாக ஓடும், கழுவுதொட்டித் தண்ணீர் ஓட்டைக்குப் போகாமல் மூலையில் நிற்கும். இவர் மேசன்மாரின் ரசமட்டம் ஒன்றை நிலத்தில் வைத்து நீர்க்குமிழியைப் பார்த்துப் பார்த்து, பதிந்த பக்கத்துச் சில்லின் கீழே பலகைத் துண்டு கொடுத்து ஏற்றினார். பைப்பைத் திறந்தால் பம்ப் 'கிர்ர்' என்று இரையும்; இரவில் ஒருவர் வாய் கொப்பளிக்க மற்றவர் எழும்பிவிடுவார் என்பதும் அன்றுதான் தெரிந்தது. நடுச்சாமத்தில் வௌவால் தட்டிவிட்ட மாங்காய் ஒன்று தகரக் கூரையில் விழுந்தது பாருங்கள், இரண்டு பேரும் எழும்பிக் குந்திவிட்டோம். எங்கள் வயதுக்காரருக்கு அந்தமாதிரிச் சத்தம் வேறொன்றைத்தான் ஞாபகப்படுத்தும்.

இன்னொன்று, துருவலை இல்லாமல் புட்டு அவிக்க வெளிக்கிட்டால் என்ன நடக்கும் என்பதை மணற்காட்டில் கண்டுபிடிப்பதைவிட உங்கள் கிணற்றடியில் கண்டுபிடிப்பது நல்லது.

கேள்வி: எங்கள் வெக்கைக்கு ஏசி போடலாமா? காற்றாடியும் பிரிட்ஜும் சோலாரில் ஓடுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கரவெட்டி

ஐயா, நீங்கள் கணக்குப் படிப்பித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே கணக்காகவே சொல்கிறேன். 12 வோல்ற், 100 ஆம்பியர்-மணி பற்றரி ஒன்றில் 1200 வாற்-மணி இருக்கிறது. ஆனால் அது ஈய-அமில வகை என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, இறக்கி இறக்கிப் பாவித்தால் கெதியாகச் செத்துப்போகும். ஆக உங்கள் கையில் இருப்பது 600. சின்னக் காற்றாடி 25 வாற், இரவு 10 மணித்தியாலம் சுழன்றால் 250. கொம்பிரசர் வைத்த 12 வோல்ற் பிரிட்ஜ் ஓடும்போது 45, 50 வாற் எடுக்கும், சித்திரை மாதத்தில் அது நாளில் பாதி நேரமாவது ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதுவே 600ஐத் தொட்டுவிடும். கூட்டிப் பார்த்தால் ஒரு பற்றரி காணாது. லித்தியம் இரும்புப் பொசுபேற்று வகை எடுத்தால் 80 வீதத்துக்கு மேல் பாவிக்கலாம், பாரமும் குறைவு, விலைதான் கூட. ஏசியோ, சின்னதே 700, 1000 வாற் இழுக்கும். ஒரு மணித்தியாலத்துக்குள் பற்றரி முடிந்துவிடும். அதை மறந்துவிடுங்கள்.

உண்மையான சிக்கல் கணக்கில் இல்லை. சோலாருக்கு வெயில் வேண்டும், எங்களுக்கு நிழல் வேண்டும், கூரையோ ஒன்று. வெயிலில் விட்டால் பற்றரி நிறையும், உள்ளே போனால் நாங்கள் அவிந்துவிடுவோம். தகட்டுக்கும் சூடு ஆகாது: 25 பாகைக்கு மேலே ஏறுகிற ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 வீதம் வரை மின்சாரம் குறையும், அதனால் கூரையோடு ஒட்டாமல் கீழே காற்றுப் போக இடைவெளி விட்டுப் பூட்டச் சொல்லுங்கள். நாங்கள் இப்போது செய்வது, மேற்குப் பக்கம் மரம் இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்துவது; காலை வெயில் தகட்டுக்கு, பின்னேர நிழல் எங்களுக்கு. மரம் என்றவுடன் பனைக்குக் கீழே விட்டுவிடாதீர்கள். நிழலும் பெரிதாக இல்லை, ஆடி ஆவணியில் பனங்காய் ஒன்று விழுந்தால் தகட்டின் கதை முடிந்தது.

மற்றப்படி எதிரெதிரே இரண்டு யன்னல், இரண்டுக்கும் நுளம்பு வலை. சோழகக் காற்று வீசுகிற மாதங்களில் காற்றாடியே தேவைப்படாத இரவுகளும் உண்டு.

கேள்வி: தீவுப் பக்கம் வந்தால் தண்ணீருக்கு என்ன செய்வீர்கள்? எங்களுக்கே பவுசர் வந்தால்தான் உண்டு.
– புங்குடுதீவு வாசகர்

அதனால்தான் உங்கள் ஊருக்கு வரும்போது உங்களிடம் கேட்பதில்லை. வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு வருவோம். எங்கள் தாங்கி 60 லீற்றர், நிரப்பினால் 60 கிலோ, அதாவது இன்னொரு ஆள் ஏறியமாதிரி. வான் இழுக்கும்போது அது தெரியும், பிறேக் அடிக்கும்போது இன்னும் நன்றாகத் தெரியும். குடிக்கிற தண்ணீரைத் தாங்கியில் விடாமல் தனிக் கானில் வைத்திருக்கிறோம்.

கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக் குளித்து வளர்ந்த எங்களுக்குக் குவளைக் கணக்கில் குளிப்பது முதலில் பெரிய வில்லங்கம். சட்டி கழுவமுதல் பழைய கடதாசியால் துடைத்துவிடுவது, அரிசி களைந்த தண்ணீரில் கோப்பையைக் கழுவுவது என்று எங்கள் அம்மாமார் பஞ்ச காலத்தில் செய்ததெல்லாம் திரும்ப வந்துவிட்டது. அப்புறம் எங்கள் யாழ்ப்பாணத்துத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர்தானே, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது பம்பின் வடியிலும் குழாய் வாயிலும் படியும். வினாகிரியை விட்டு ஊறவைத்துக் கழுவினால் போய்விடும், பிறகு நன்றாக அலசுங்கள். கழுவிய அழுக்குத் தண்ணீரைக் கண்ட இடத்தில் திறந்துவிடாமல் வாளியில் பிடித்து, வீட்டுக்கு வந்து வாழைக்கு விடுகிறோம்.

கேள்வி: கேட்கவே வெட்கமாக இருக்கிறது. கக்கூசுக்கு?
– பெயர் வேண்டாம், சாவகச்சேரி

நல்ல காலம் கேட்டீர்கள், எல்லோரும் அறிய விரும்புவது அதைத்தான். கீழே கழற்றி எடுக்கிற தாங்கி உள்ள கொண்டுபோகும் மலசலகூடம் ஒன்று கட்டிலுக்குக் கீழே இருக்கிறது, இரவு அவசரத்துக்கு மட்டும். அதைத் துப்புரவாக்குவது இவருடைய வேலை. கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் அவரிடம் கேட்ட ஒரே சீதனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பற்றைக்குள் ஊற்றுகிற வேலை வேண்டவே வேண்டாம். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றியது வடிகட்டுப்படாமல் பிளவு வழியே கிணற்று நீரில் போய்ச் சேரும். வீட்டுக் கக்கூசில் ஊற்றுங்கள், ஆனால் அந்தத் தாங்கிக்குள் விடுகிற திரவம் போமலின் என்ற கிருமிகொல்லி சேராததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழியில் கழிவை உக்கவைக்கிற கிருமிகளும் செத்துவிடும்.

கேள்வி: உள்ளே காஸ் அடுப்புப் பயமில்லையா?
– மானிப்பாய் வாசகி

பயம் இருக்க வேண்டும். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் மேலே போகாது, தரையோடு படுத்திருக்கும். அதனால் சிலிண்டர் வைக்கிற பெட்டியின் அடித்தளத்தில் வெளியே திறக்கிற ஓட்டை கட்டாயம் இருக்க வேண்டும். எங்கள் கராஜ்காரர் அந்த ஓட்டையைத் தூசி வரும் என்று மூடித் தந்தார்; திரும்பப் போய் நின்று திறப்பித்தோம். வான் ஓடும்போது றெகுலேற்றரை மூடிவிடுங்கள். யன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்காதீர்கள், குளிருக்கோ நுளம்புக்கோ கரிச்சட்டியை உள்ளே வைக்கவே வைக்காதீர்கள். அதிலிருந்து வருகிற காபன் மொனொக்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

உள்ளே புட்டு அவித்தால் யன்னல் கண்ணாடி முழுக்க வேர்த்து, கூரையிலிருந்து துளி துளியாகத் தலையணையில் விழும். மீன் பொரித்தால் அந்த மணம் திரைச்சீலையில் குடியிருக்கும். ஆகவே தேத்தண்ணி மட்டும் உள்ளே, மற்றதெல்லாம் பின் கதவைத் தூக்கிவிட்டு வெளியே.

கேள்வி: ஆரைக் கேட்டு நிறுத்துகிறீர்கள்? பொலிஸ், நேவி மறிக்காதா?
– வல்வெட்டித்துறை வாசகர்

கிட்ட இருக்கிற வீட்டை. அது இல்லாவிட்டால் கோயில் ஐயரை, கரையோரம் என்றால் கடற்றொழிலாளர் சங்கத்து ஆட்களை. இருட்டமுதல் போய், எங்கள் ஊரையும் பேரையும் சொல்லி, ஒரு இரவு நிற்கிறோம் என்றால் மறுத்தவர்கள் குறைவு. பாதிப் பேர் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள், அதைத் தட்டுவதுதான் கஷ்டம். சொல்லாமல் போய் இருட்டில் நின்றால் ஆரும் வந்து ரோச் அடித்துப் பார்க்கத்தான் செய்வார்கள், அது நியாயம்தானே. நயினாதீவு என்றால் வானைக் குறிகட்டுவானில் விட்டுவிட்டுப் படகு ஏற வேண்டும், ஆகவே பிரிட்ஜில் மீன் வைக்காமல் போங்கள்.

மணற்காட்டில் தார் றோட்டை விட்டுச் சில்லை இறக்க வேண்டாம். மணலில் பழைய அந்தோனியார் கோயிலே புதைந்து கிடக்கிறது, உங்கள் வான் எந்த மூலை! பொன்னாலையால் காரைநகருக்கும் வேலணையால் புங்குடுதீவுக்கும் போகிற பாலங்களில் பக்கக் காற்று உயரமான வானைத் தள்ளும், மெதுவாகப் போங்கள். கடற்கரையில் நின்று வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவாமல் விடாதீர்கள், உப்பு தின்றுவிடும். வாகனத்தை மாற்றியமைத்ததை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக்காரரிடமும் பதிந்து வைத்திருந்தால் மறித்தாலும் பயமில்லை.

கேள்வி: லண்டனில் மகனும் மருமகளும் காருக்குப் பின்னால் இழுக்கிற கரவன் வாங்கியிருக்கினம். எனக்கு இங்கே நித்திரை இல்லை.
– ஒரு அம்மா, உடுவில்

அம்மா, அங்கே அதற்கு ஒழுங்கு நிறைய இருக்கிறது. 1997க்குப் பிறகு கார் லைசன்ஸ் எடுத்தவர்களும் 2021 டிசம்பர் 16 முதல் 3500 கிலோ வரை இழுக்கலாம், தனிச் சோதனை தேவையில்லை. இழுத்துக்கொண்டு போகும்போது மோட்டர்வேயில் மணிக்கு 60 மைல்தான், நடுவில் பிரிப்பு இல்லாத சாதாரணத் தெருவில் 50. மகனிடம் இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள். சாமானோடு சேர்த்துக் கரவனின் பாரம் காரின் பாரத்தில் 85 வீதத்துக்குள் இருக்கிறதா? பாரமான சாமான் அச்சுக்கு மேலே, தாழ்வாக வைத்திருக்கிறாரா? பின்னால் பாரம் கூடினால் கரவன் வாலாட்டும். ஆட்டத் தொடங்கினால் பிறேக்கை அமத்தாமல் காலை மெதுவாக எடுக்க வேண்டும், அதையும் சொல்லிவிடுங்கள். பிறகு நித்திரை கொள்ளுங்கள்.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள், அந்தச் சின்ன இடத்துக்குள் சண்டை வரவில்லையா?
– புதுமணத் தம்பதி, திருநெல்வேலி

உள்ளே வரவில்லை பிள்ளைகள், இடமில்லை. ஒருவர் நடந்தால் மற்றவர் கட்டிலில் ஏறி இருக்க வேண்டும், அந்த நிலையில் கோபித்துக்கொண்டு எங்கே போவது? சண்டையெல்லாம் வெளியே, றிவேர்ஸ் எடுக்கும்போது. நான் பின்னால் நின்று "வாங்கோ, வாங்கோ" என்பேன், இவர் யன்னலால் தலையை நீட்டி "எவ்வளவு கிடக்கு எண்டு சொல்லும்" என்பார், "கொஞ்சம்" என்றால் எவ்வளவு என்பதில் எங்களுக்குள் இந்த வயதிலும் உடன்பாடு இல்லை. இப்போது ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம்: கண்ணாடியில் என்னைக் காணாவிட்டால் அவர் உடனே நிற்பாட்ட வேண்டும், நான் வாய் திறக்காமல் கையை மட்டும் காட்ட வேண்டும். அவர் தன் பங்கைச் சரியாகச் செய்கிறார்.