பலூபே மீது ஏன் இத்தனை பழி?

கால்நடை டாக்டர் பதில்கள்

ஒலிம்பிக்கில் தடை தாண்டும் குதிரைகளைப் பற்றி ஒருவர் கேட்டதற்கு, "பலூபே து ருவேயை மிஞ்சிய பொலிகுதிரையை நான் பார்க்கவில்லை" என்று போன இதழில் எழுதினேன். பலூபே, பிரேசில் சவாரிக்காரர் ரொட்ரிகோ பெசோவா ஏறிய பிரெஞ்சுக் குதிரை; பொலிகுதிரை என்றால் இனவிருத்திக்கு விடும் ஆண் குதிரை. அந்த ஒரு வரிக்குத் திட்டியும் கிண்டலடித்தும் வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை அடைத்துவிட்டன. மாடு, ஆடு, நாய்க் கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சிட்னி ஒலிம்பிக்கில் தடைக்கு முன்னால் மூன்று முறை முரண்டு பிடித்து நின்ற குதிரைதானே அது? அதைப் போய் இனவிருத்திக்கு விட்டது தப்பு என்கிறார் என் நண்பர். நீங்களோ தலையில் தூக்கி வைக்கிறீர்களே டாக்டர்? (மதுரை வாசகர்)

நின்றது உண்மை. 2000-ம் ஆண்டு சிட்னியில் தனிநபர் இறுதிப் போட்டி. ரொட்ரிகோ பெசோவாவும் பலூபேயும்தான் முன்னணியில் இருந்தார்கள். அந்த ஒலிம்பிக்கில் பிரேசிலுக்கு ஒரு தங்கம்கூடக் கிடைக்கவில்லை. நாடே இந்தச் சிவப்புக் குதிரையை நம்பி டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. கடைசிச் சுற்றில் குதிரை மூன்று முறை நின்றது, விதிப்படி வெளியேற்றம். தங்கம் நெதர்லாந்தின் யெரூன் டுப்பெல்டாமுக்குப் போனது. பிரேசிலில் பலூபேயின் பெயரே நக்கலாகிவிட்டது.

உங்கள் நண்பர் பார்த்தது அந்தச் சில நிமிடங்களை. அதற்கு முன்னால் நடந்ததை யார் சொல்வது? தடை தாண்டும் உலகக் கோப்பை இறுதியை 1998-ல் ஹெல்சிங்கியிலும், 1999-ல் கோதன்பர்க்கிலும், 2000-ல் லாஸ் வேகாஸிலும் இதே குதிரை வென்றது. ஷட்டர்ஃபிளை என்ற ஜெர்மன் குதிரையும் மூன்று கோப்பை வாங்கியிருக்கிறது. ஆனால் 2005, 2008, 2009 என்று விட்டு விட்டு. தொடர்ந்து மூன்று வருஷம் அடித்தது பலூபே மட்டும்தான். மரபிலேயே முரண்டு ஊறிய குதிரை, கூரை போட்ட குறுகிய அரங்கில், கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே, மூன்று வருஷம் அப்படித் தாண்டாது.

குதிரை தடை முன்னால் நிற்க ஆயிரம் காரணம் உண்டு. முந்தைய நாள்களின் களைப்பு, தடைக்கு வரும்போது காலடிக் கணக்குத் தப்புவது, ஒரு முறை நின்றபின் சவாரிக்காரர் கையில் ஏறும் பதற்றம். இவற்றில் எதுவும் விந்து வழியே குட்டிக்குப் போகாது. தோற்றவனைத் திட்டுவதற்கு மரபியல் எதற்கு?

ஏதென்ஸில் அது வாங்கிய தங்கம் தாண்டி வாங்கியதல்ல, அடுத்தவன் மாட்டிக்கொண்டதால் வந்தது என்று படித்தேன். சோதனைக்கு எடுத்த சிறுநீர் மாதிரியைத் திருடினார்கள் என்றெல்லாம் கதை இருக்கிறதே? (சேலம் வாசகி)

கதை இல்லை அம்மா, நடந்தது. இந்த விளையாட்டில் வதந்தியைவிட நிஜம்தான் நம்ப முடியாததாக இருக்கும்.

2004 ஏதென்ஸில் தனிநபர் தங்கம் முதலில் அயர்லாந்தின் கியன் ஓ'கானருக்கு. குதிரையின் பெயர் வாட்டர்ஃபோர்டு கிரிஸ்டல். இரண்டாம் இடத்துக்கு பலூபேயும் ராயல் கலிபர் என்ற அமெரிக்கப் பொலிகுதிரையும் மறுபடி மோத வேண்டியிருந்தது. அந்தச் சுற்றிலேயே ராயல் கலிபருக்குக் காலில் அடி, வெள்ளி பலூபேக்கு. பிறகு வாட்டர்ஃபோர்டு கிரிஸ்டலின் ஊக்கமருந்துச் சோதனையில், மனிதர்களின் மனநோய்க்குக் கொடுக்கும் மருந்துகள் தென்பட்டன. உறுதி செய்ய வேண்டிய இரண்டாவது சிறுநீர் மாதிரி, இங்கிலாந்தின் நியூமார்க்கெட் ஆய்வகத்துக்குப் போகிற வழியில் திருட்டுப் போயிற்று. போதாக்குறைக்கு, அயர்லாந்துக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் அலுவலகத்திலிருந்து காகிதங்களும் காணாமல் போயின. 2005-ல் ஓ'கானரின் பதக்கம் பறிக்கப்பட்டது. வேண்டுமென்றே போட்டியில் ஏமாற்றச் செய்ததல்ல என்றும் விசாரணைக் குழு சொன்னது. அதையும் சேர்த்தே எழுதுவதுதான் முறை. தங்கத்தை பெசோவா அந்த ஆண்டு ரியோவில் வாங்கிக்கொண்டார்.

இலவசத் தங்கம் என்று நீங்கள் சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் அன்று பலூபேக்கு வயது 15. அந்த வயதில் பெரும்பாலான பொலிகுதிரைகள் கொட்டிலில் நின்றபடி சம்பாதித்துக்கொண்டிருக்கும். இது ஒலிம்பிக் மைதானத்தில் நின்றது. மாதிரியைத் திருடியது யாராக இருந்தாலும் குதிரை இல்லை.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். 2008-ல் குதிரையேற்றப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தபோது, அதே பெசோவாவின் ரூஃபஸ் என்ற வேறொரு குதிரையின் சோதனையில் நோனிவமைட் என்ற பொருள் அகப்பட்டது. மிளகாய்க் காரத்தின் தம்பி. அவர் பெற்ற ஐந்தாம் இடம் போயிற்று. அடுத்தவர் மாட்டியதில் ஏறியவர் தானும் மாட்டினார்.

குட்டிகளும் அப்பனைப் போலவே சூடான புத்தி, சாதாரண ஆள் ஏற முடியாது என்கிறார்களே? (பட்டுக்கோட்டை வாசகர்)

சூடு உண்டு, மறுக்கவில்லை. அப்பன் கலூபே, தாத்தா அல்மே என்று போகும் பிரெஞ்சு வழி அது. சாந்தத்துக்குப் பெயர் வாங்கிய வழி அல்ல. வாரக் கடைசியில் மட்டும் ஏறுகிறவருக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் சூடு வேறு, முரண்டு வேறு.

2016 ஒலிம்பிக்கில் பிரான்ஸ் அணி தடை தாண்டலில் தங்கம் வென்றது. அந்த நால்வரில் ரோஜர் இவ் போஸ்ட் ஏறியது பலூபேயின் மகள். மகளின் பெயர் சிட்னி உன் பிரின்ஸ். பிரான்சில் ஒவ்வோர் ஆண்டும் பிறக்கும் குட்டிகளுக்குக் குறிப்பிட்ட எழுத்தில்தான் பெயர் வைப்பார்கள். 2006-க்கு எஸ் எழுத்து. மற்றபடி எதற்கு அந்தப் பெயரோ. போட்டி நடந்த ஊர் எது தெரியுமா? ரியோ. அப்பனை நக்கலடித்த நாட்டிலேயே மகள் தங்கம் வாங்கினாள். உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என் மருத்துவப் புத்தகங்களில் இல்லை.

எங்கள் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரைக்குச் சுழி பார்த்துத்தான் விலை பேசுவோம். அங்கே? (அந்தியூர் வாசகர்)

எக்ஸ்ரே பார்ப்பார்கள். பொலிகுதிரையாகப் பதிய வேண்டுமானால் வம்சாவளிச் சங்கத்தின் தேர்வுக் குழு முன் நிறுத்த வேண்டும்: நடை, ஓட்டம், ஆள் ஏறாமல் தாண்டுவது, கால் மூட்டு எக்ஸ்ரே, விந்துத் தரம். ஒரு சங்கம் தள்ளிய குதிரையை இன்னொரு சங்கம் ஏற்றுக்கொள்வதும் நடக்கும். பாதிச் சண்டை அங்கேதான் பிறக்கிறது.

அந்தக் குதிரை செத்துப் பல வருஷம் ஆயிற்று. இன்னும் அதன் பெயரில் குட்டி பிறக்கிறதாமே? ஏமாற்று வேலைதானே? (நாமக்கல் வாசகர்)

2017-ல் போர்ச்சுகலில் செத்தது, 28 வயதில். அதன் சொந்தக்காரர் டியோகோ பெரேரா கூட்டின்யோ போர்ச்சுகல்காரர். குட்டி பிறப்பது ஏமாற்று இல்லை, உறைவிந்து.

இந்தக் கேள்விக்கு எனக்குக் கை துறுதுறுக்கிறது. மாட்டு உறைவிந்து நிலையத்தில் வேலை பார்த்தவன் நான். திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைத்த குச்சிக்கு (விந்தை அடைத்த மெல்லிய குழாய்), விந்து கொடுத்த காளை உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. பல வருஷம் கழித்து எடுத்துப் போட்டாலும் பசு சினை பிடிக்கும். உங்கள் ஊர் மாட்டுக்குச் சினை ஊசி போடும்போது கால் மில்லிக் குச்சி ஒன்று போதும்.

குதிரை அப்படியல்ல. குதிரை விந்து உறைபனியில் காளை விந்து அளவுக்குத் தாங்காது. உருக்கியபின் நீந்தும் அணுக்கள் குறைவு. அதனால் அரை மில்லிக் குச்சிகள் பலவற்றைச் சேர்த்து ஒரு தடவைக்குப் போடுவார்கள், எட்டுக் குச்சிகூட ஆகலாம். சண்டை இங்கேதான் ஆரம்பம். பழைய ஒப்பந்தங்களில் வாங்கியவருக்குக் குச்சிகளைக் கொடுத்தார்கள், "சினைக்கு இவ்வளவு" என்று எழுதினார்கள், அவ்வளவுதான். பிறகு ஆய்வகத்தில் முட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் ஏற்றும் முறை குதிரைக்கும் வந்தது. அதற்கு எட்டுக் குச்சி வேண்டாம்; ஒரு குச்சியை உருக்காமல் துண்டாக வெட்டி, அந்தத் துண்டு போதும். ஒரு தடவைக்கு என்று விற்ற சரக்கில் பத்துக் கரு எடுக்க முடிகிறது! விற்றவர் "நான் ஒரு குட்டிக்குத்தான் காசு வாங்கினேன்" என்கிறார். வாங்கியவர் "குச்சி என்னுடையது, நான் எப்படிப் பயன்படுத்தினால் உனக்கென்ன" என்கிறார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டால், ஒப்பந்தத்தில் எழுதாததைப் பின்னால் கேட்கக் கூடாது என்று வாங்கியவர் பக்கம் சாய்வேன். அதனால்தான் இப்போது கருவுக்கு இவ்வளவு, உயிரோடு பிறக்கும் குட்டிக்கு இவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குகிறார்கள்.

அப்பன் பெயரில் பொய் சொல்வது இன்று கடினம். பிடரி மயிரை வேரோடு பிடுங்கி அனுப்பினால் டிஎன்ஏ சொல்லிவிடும்.

காயடித்த குதிரைக்குக்கூட வாரிசு வருகிறதாமே டாக்டர்? காதில் பூவா? (சென்னை வாசகி)

பூ இல்லை. ஜெம் ட்விஸ்ட் என்ற அமெரிக்க வெள்ளைக் குதிரை 1988 சியோல் ஒலிம்பிக்கில் இரண்டு வெள்ளி வாங்கியது. காயடித்தது, 2006-ல் செத்தது. அதன் செல்லிலிருந்து நகலெடுத்த குட்டி 2008-ல் பிறந்தது, பெயர் ஜெமினி. அதைக் காயடிக்காமல் பொலிகுதிரையாகவே வளர்த்தார்கள். நகல் குதிரைகள் போட்டியில் இறங்க சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2012-ல் கதவு திறந்தது. வம்சாவளிச் சங்கங்கள் பலவும் இன்னும் முகம் சுளிக்கின்றன. எனக்கும் உற்சாகமில்லை. இருப்பதையே மறுபடி அச்சடிப்பதற்கு இனவிருத்தி என்று பெயர் வைப்பானேன்?

பிறந்த குட்டிக்குத் தோல் கிழிந்து தொங்குமாம், பெரிய பொலிகுதிரைகள் எல்லாம் அதைச் சுமக்கின்றனவாம். எல்லாரும் மறைத்தார்களாமே? (திருநெல்வேலி வாசகர்)

நோய் உண்மை. ஒரு மரபணுக் கோளாறு. ஐரோப்பிய விளையாட்டுக் குதிரை இனங்களில் சுமார் பத்தில் ஒன்று அதைச் சுமக்கிறது. சுமக்கும் குதிரைக்கு ஒரு கெடுதலும் இல்லை, நன்றாகத் தாண்டும். சுமக்கும் ஆணும் சுமக்கும் பெண்ணும் சேர்ந்தால்தான் ஆபத்து. நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் கரு கலையும், அல்லது தோல் நிற்காத குட்டி பிறக்கும். அதைக் காப்பாற்ற வழியில்லை.

மறைத்தார்களா? சோதனை வசதி 2018-க்குப் பல வருஷம் முன்பே வந்துவிட்டது, பலர் செய்யவில்லை. அந்த ஆண்டு அமெரிக்காவில் ஒரு குட்டியின் சாவு வெளியே வந்தபின்தான் அலறினார்கள். அதன்பின் ஜெர்மன் சங்கங்கள் பொலிகுதிரையின் சோதனை முடிவை வெளியிடச் சொல்லின. வெட்கப்பட வேண்டியது அந்தத் தாமதத்துக்குத்தான். ஆனால் சுமக்கும் குதிரையெல்லாம் ஒதுக்கப்பட வேண்டியது என்று பரப்புவது முட்டாள்தனம். பெட்டையைச் சோதித்துச் சேர்த்தால் போதும். ரத்தம் கூட வேண்டாம், மயிர் போதும்.

பலூபேயின் பிள்ளை ஒன்று 11 மில்லியன் யூரோவுக்கு விற்றதாமே, நம்பலாமா? (ஈரோடு வாசகர்)

பல்லூபே த'ஹலாங். அப்பன் பெயரைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள்; அப்பன் பலூபே, மகன் பல்லூபே. சுவிட்சர்லாந்தின் யானிக்கா ஸ்ப்ருங்கர் ஏறிய குதிரை. 2013-ல் நெதர்லாந்தின் யான் டாப்ஸ் வாங்கியபோது அந்தத் தொகைதான் பத்திரிகைகளில் அடிபட்டது. குதிரை வியாபாரத்தில் ரசீதை யாரும் வெளியே காட்டுவதில்லை. விற்றவருக்கும் தொகை பெரிதாகத் தெரிவது லாபம், வாங்கியவருக்கும் அப்படியே. சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவர்களிடம் கேளுங்கள், வெளியே சொன்ன விலைக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.