எலெக்டிவ் கிளம்பும் முன்

அன்புள்ள டாக்டர்,

மருத்துவப் படிப்பின் கடைசிக்கு முந்தைய ஆண்டில் இருக்கிறேன். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றின் அறுவை சிகிச்சைத் துறையில் நான்கு வார எலெக்டிவ் (மாணவர் தாமே தேர்ந்தெடுத்துச் செய்யும் பயிற்சி) கிடைத்திருக்கிறது. கிளம்ப இன்னும் ஏழு மாதம். விசா, டிக்கெட் தவிர என்ன தயார் செய்யவேண்டும்? அங்கே போனால் நிறையக் கைவேலை கிடைக்கும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

ஏழு மாதம் அதிகமாகத் தெரியும். தடுப்பூசிச் சான்றுகளே அதை விழுங்கிவிடும், அதனால் இந்த வாரமே தொடங்குங்கள். ஹெபடைடிஸ் பி ஊசி 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. கடைசி ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு மாதம் விட்டு டைட்டர், அதாவது ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருளின் அளவு, பார்க்கவேண்டும். மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டாவது இருக்கவேண்டும். சிறுவயதில் போட்டிருந்தால் முதலில் டைட்டர் பாருங்கள். 10-க்குக் கீழே இருந்தால் ஒரு பூஸ்டர் போட்டுக்கொண்டு, மறுபடி ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பார்க்கவேண்டும். இதற்கே ஒரு பருவம் ஓடிவிடும்.

தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த எம்.எம்.ஆர்., சின்னம்மை ஊசி இரண்டும் வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள். ஒரே நாளில் போடலாம். இல்லையென்றால் 28 நாள் இடைவெளி வேண்டும். பலர் தடுக்கி விழுவது காசநோய்ப் பரிசோதனையில்தான். எம்.எம்.ஆர். போட்ட அடுத்த வாரம் மாண்டூ என்ற தோல் பரிசோதனை ஊசியைப் போட்டால் தோலின் எதிர்வினை அமுங்கி, பொய்யாக நெகட்டிவ் காட்டக்கூடும். இரண்டையும் ஒரே நாளில் போடுங்கள், அல்லது நான்கு வாரம் பொறுங்கள். மாண்டூ போட்ட இடத்தின் தடிப்பை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அளந்தாகவேண்டும். வியாழக்கிழமை போட்டால் அளக்கும் நேரம் சனி, ஞாயிறில் விழும். பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்களுக்கு மாண்டூ பாசிட்டிவ் வரலாம் என்பதால், காசநோய்க்கான இக்ரா ரத்தப் பரிசோதனையை ஏற்பார்களா என்று கேட்டுவிடுங்கள். அது பி.சி.ஜி.யால் குழம்பாது. எந்தச் சான்று எத்தனை மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கவேண்டும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கைவேலைக்கு வருவோம். சீனியர்கள் சொல்வது சில இடங்களில் உண்மைதான். ஆள் பற்றாக்குறை உள்ள மருத்துவமனையில் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் தையல் போடச் சொல்லலாம், ரத்தக் குழாயில் ஊசி ஏற்றச் சொல்லலாம். எனக்கு இதில் ஒரே நிலைப்பாடுதான்: உங்கள் கல்லூரி வார்டில் யாராவது பக்கத்தில் நின்றால்தான் செய்வீர்கள் என்றால், அங்கேயும் அப்படித்தான். ஏழை நோயாளி என்பதாலோ, அவர் மொழி உங்களுக்குத் தெரியாது என்பதாலோ அது மாறாது. "இதை நான் தனியாகச் செய்ததில்லை, கூட நின்றால் செய்கிறேன்" என்று சொல்லும் மாணவியை நல்ல மருத்துவர் யாரும் குறைவாக நினைக்கமாட்டார். நீங்கள் மாணவி என்பதை நோயாளிக்கு ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பவர் வழியாகவாவது.

சட்டமும் இதில் குறுக்கிடும். பிரிட்டனில் பார்வையாளர் விசாவில் எலெக்டிவ் செய்யும் வெளிநாட்டு மாணவர் நோயாளிக்குச் சிகிச்சை தரக்கூடாது. நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்கலாமா, கேஸ் ஷீட்டில் எழுதலாமா, ஆபரேஷன் தியேட்டரில் ஸ்க்ரப் செய்யலாமா (கை கழுவி, கையுறை போட்டு அறுவை மேஜையில் நிற்பது) என்ற மூன்றுக்கும் அனுமதிக் கடிதத்தில் பதில் இருக்கட்டும். தொழில்முறைப் பிழைக் காப்பீடு உங்களுடையதா அவர்களுடையதா என்பதும் அதிலேயே தெளிவாகவேண்டும்.

தியேட்டருக்குள் நுழைந்ததும் ஸ்க்ரப் நர்ஸிடம் பெயரையும் கையுறை அளவையும் சொல்லுங்கள். லேட்டக்ஸ் ஒவ்வாமை இருந்தால் முன்னாலேயே தெரிவியுங்கள். சாப்பிடாமல் போகாதீர்கள். தலை சுற்றினால் மேஜையை விட்டுப் பின்னால் நகர்ந்து தரையில் உட்கார்ந்துவிடுங்கள்; கிருமி நீக்கிய ஸ்டெரைல் துணிமேல் சாய்வதைவிட அது எவ்வளவோ மேல்.

நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உங்களைக் குத்திவிட்டால், கழுவச் சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். பிதுக்கவேண்டாம், ப்ளீச் ஊற்றவேண்டாம். உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடவேண்டும். ஹெபடைடிஸ் சி-க்கு அப்படி மாத்திரை கிடையாது, தொடர் பரிசோதனைதான். இரவு இரண்டு மணிக்கு அந்த மாத்திரை யாரிடம் கிடைக்கும், செலவு யாருடையது என்று முதல் நாளே கேளுங்கள். அங்கே இருப்பு இருக்காது என்று தெரிந்தால், உங்கள் மருத்துவரிடம் பேசி ஆரம்ப நாட்களுக்கான மாத்திரைகளைக் கையோடு கொண்டுபோங்கள்.

அளவுகளிலும் கவனம் வேண்டும். சில நாடுகளில் சர்க்கரையை மில்லிமோலில் எழுதுவார்கள். 18-ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய மில்லிகிராம் எண் வரும். அங்கே 10 என்றால் 180. சிறுநீரகத்துக்காகப் பார்க்கும் கிரியாட்டினின் மைக்ரோமோலில் இருந்தால் 88.4-ஆல் வகுக்கவேண்டும். அமெரிக்காவில் பாரசிட்டமாலை அசிட்டமினோஃபென் என்பார்கள், அட்ரினலினை எபிநெஃப்ரின் என்பார்கள். இவற்றைச் சின்னத் தாளில் எழுதிக் கோட்டுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். அன்றைக்கு மேற்பார்வையாளர் விடுப்பில் போயிருக்கலாம். ஊர் திரும்பியபின் மின்னஞ்சலில் அதை வாங்குவது பெரும்பாடு. மூன்றாம் வாரமே படிவத்தைக் கொடுத்துவிடுங்கள்.