பெர்சென்டைலும் கட்-ஆஃப் கண்ணாடியும்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். நியூ ஜெர்சியில் எடிசனில் வசிக்கிறோம். எங்கள் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஒன்பதாம் வகுப்புக்கு ஐந்து தனியார் பள்ளிகளில் விண்ணப்பிக்க நினைத்து, அக்டோபரில் எஸ்.எஸ்.ஏ.டி. தேர்வு எழுத வைத்தோம். மொத்தப் பெர்சென்டைல் 62 வந்திருக்கிறது. கணிதத்தில் 86, வாசிப்பில் 54, சொற்பகுதியில் 47. சொற்பகுதியின் 60 கேள்விகளில் 33 சரி, 25 தவறு, 2 விடப்பட்டவை. வாசிப்பின் 40 கேள்விகளில் 25 சரி, 6 தவறு, நேரம் போதாமல் 9 கேள்விகளைத் தொடவே இல்லை. பள்ளியில் ஆங்கிலம் உட்பட எல்லாப் பாடத்திலும் ஏ வாங்குபவள் இவள். "இந்த மார்க்கை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு விண்ணப்பிப்பது?" என்று என் கணவர் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது, இரண்டு வாரமாக வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. டிசம்பரில் மறுபடி எழுத வைக்கலாமா? மதிப்பெண் கட்டாயமில்லை என்று சொல்லும் பள்ளிகளுக்கு இதை அனுப்பாமல் இருப்பது நேர்மையா? பெயர் வெளியிட வேண்டாம்.

எடிசனிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கணவர் மீது எனக்குக் கோபமில்லை. அவரும் தமிழ்நாட்டில் பொறியியல் கவுன்சிலிங் வரிசையில் நின்று வந்தவராக இருந்தால் அந்தக் கேள்வி அவர் வாயில் தானாகவே வரும். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, ஆக 200க்குக் கட்-ஆஃப் போட்டு, அரை மதிப்பெண் குறைந்ததால் கிண்டி கைநழுவிப் போனவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கே எண் ஒன்றே விண்ணப்பம். அதைத் தாண்டி உங்களைப் பற்றி யாரும் எதையும் கேட்பதில்லை. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எஸ்.எஸ்.ஏ.டி. அறிக்கையைப் படிப்பதுதான் உங்கள் வீட்டுச் சிக்கல் என்று நினைக்கிறேன்.

பெர்சென்டைல் 62 என்றால் 62 விழுக்காடு மதிப்பெண் என்று பொருளல்ல, ஒப்பிடப்பட்ட நூறு பேரில் 62 பேர் அவளுக்குச் சமமாகவோ கீழாகவோ நிற்கிறார்கள் என்று பொருள். முதலில், அது யாரோடு ஒப்பிட்டு வந்த எண் என்று பாருங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இதே தேர்வை முதல்முறை எழுதிய அதே வகுப்புப் பிள்ளைகளோடு உங்கள் மகளை நிறுத்திப் பார்த்து அந்த எண்ணைத் தருகிறார்கள். இந்தத் தேர்வை எழுதுபவர்களே தனியார் பள்ளிகளில் சேர முயலும், பெரும்பாலும் நன்றாகப் படிக்கும், பலர் மாதக்கணக்கில் பயிற்சி பெற்று வந்த பிள்ளைகள்தாம். ஆகவே, மாநிலப் பொதுத் தேர்வில் தொண்ணூறுக்கு மேல் நிற்கும் ஒரு பிள்ளை இங்கே அறுபதில் நிற்பதில் வியப்பில்லை. அவள் அறிவு எங்கும் குறைந்துவிடவில்லை, பக்கத்தில் நிற்பவர்கள் மாறியிருக்கிறார்கள். அறிக்கையில் ஒவ்வொரு மதிப்பெண்ணோடும் ஒரு வீச்சு குறிப்பிடப்பட்டிருக்கும். விரைவில் மறுபடி எழுதினால் மதிப்பெண் அந்த வீச்சுக்குள்தான் அநேகமாக விழும் என்று தேர்வை நடத்துபவர்களே சொல்கிறார்கள். நம்மவர்கள் அந்த வரியை மட்டும் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அதே சமயம், இந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆண்டோவர், எக்ஸெட்டர் போன்ற விடுதிப் பள்ளிகளுக்கு வரும் விண்ணப்பங்களில் உயர்ந்த மதிப்பெண்கள் ஏராளம். அங்கே 62 உங்களுக்கு உதவாது. ஐந்தும் அந்த ரகப் பள்ளிகளாக இருந்தால், பட்டியலில் வேறு இரண்டையாவது சேருங்கள். நான் கணிதம் கற்பிப்பது ஒரு நடுத்தர அளவுள்ள பகல்நேரத் தனியார் பள்ளியில். சேர்க்கைக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே ஒரு பிள்ளையின் கோப்பைத் திறந்தால் பள்ளி மதிப்பெண் பட்டியல், ஆங்கில ஆசிரியரும் கணித ஆசிரியரும் எழுதிய பரிந்துரைகள், நேர்காணல் குறிப்பு, பிள்ளையின் கட்டுரை, பெற்றோர் எழுதிய பக்கம் ஆகியவற்றோடு ஒன்றாகத்தான் தேர்வு மதிப்பெண்ணும் இருக்கும். "இவள் வகுப்பில் கேள்வி கேட்பவள்" என்று ஓர் ஆசிரியர் எடுத்துக்காட்டோடு எழுதியிருந்தால், பேச்சு அந்த வரியைச் சுற்றித்தான் நடக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தேர்வின்போது 25 நிமிடத்தில் எழுதச் சொன்ன கட்டுரைக்கு மதிப்பெண் கிடையாது என்பதால் பெற்றோர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆனால் அதன் பிரதி பள்ளிக்கு வருகிறது. நாங்கள் அதைப் படிக்கிறோம். விண்ணப்பக் கட்டுரையில் நாற்பது வயதுக்காரரின் வாக்கியங்களும் தேர்வறைக் கட்டுரையில் பதிமூன்று வயதுப் பிள்ளையின் வாக்கியங்களும் இருந்தால் விஷயம் யாருக்கும் புரிந்துவிடும். ஆலோசகர் எவரையாவது அமர்த்தும் எண்ணம் இருந்தால், அவளுடைய கட்டுரையைத் தொட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மறுதேர்வுக்கு வருகிறேன். நீங்கள் தந்த விவரங்களிலேயே விடை இருக்கிறது. சொற்பகுதியில் 30 நிமிடத்தில் 60 கேள்விகள். ஒரே பொருள் தரும் இணைச்சொல்லைக் கண்டுபிடிப்பது பாதி, இரு சொற்களுக்கு இடையிலான உறவைக் கண்டுபிடிப்பது பாதி. முன்பின் வாக்கியம் எதுவுமின்றித் தனிச்சொல்லாக வந்து நிற்பதால், கதைப் புத்தகத்தில் அதே சொல்லைப் புரிந்துகொள்ளும் பிள்ளைகூட இங்கே திணறும். 25 தவறுகளைப் பார்த்து "தெரியாததை ஏன் தொட்டாய்?" என்று அவளைக் கடிந்துகொண்டிருந்தால் அதை நிறுத்துங்கள். சரியான விடைக்கு ஒன்று, தவறுக்குக் கால் மதிப்பெண் கழிவு, கேள்விக்கு ஐந்து விடைகள். இந்தக் கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியில் நட்டமில்லை, ஒரு விடையையாவது தவறென்று நீக்கிவிட்டுக் குறித்தால் இலாபம்தான். அவள் இழந்தது ஆறேகால் மதிப்பெண். அதுவும் துணிந்ததற்கான விலை. சொல்வளம் ஆறு வாரத்தில் வளர்வதில்லை. ஆயிரம் சொற்களை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுவதால் பெர்சென்டைல் சற்றே நகரலாம். அதற்குள் பிள்ளைக்கு ஆங்கிலமே வெறுத்துப்போகும்.

வாசிப்புப் பகுதியின் நிலை வேறு. தொட்ட 31 கேள்விகளில் 25 சரி என்றால் அவளுக்கு வாசிக்கத் தெரியும். 40 நிமிடத்துக்குள் முடிக்கத்தான் தெரியவில்லை. இதைப் பயிற்சியால் சரிசெய்ய முடியும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாரம் இரண்டு முழுப் பகுதிகளைச் செய்யட்டும். ஒரு பத்தியில் சிக்கிக்கொண்டால் அதை விட்டு அடுத்ததற்குப் போகப் பழகட்டும். கணிதத்தைத் தொடவேண்டாம்.

கட்டாயமில்லை என்று சொல்லும் பள்ளிக்கு மதிப்பெண்ணை அனுப்பாமல் இருப்பது ஒளிப்பதாகாது. பெருந்தொற்றுக் காலத்தில் தேர்வு நடத்த முடியாமல் போனபோது பல பள்ளிகள் மதிப்பெண் கட்டாயம் என்ற விதியைத் தளர்த்தின. சில அப்படியே விட்டுவிட்டன, சில மீண்டும் கேட்கின்றன. அது அவர்களாகத் தந்த தெரிவு. எந்தத் தேதியில் எழுதிய மதிப்பெண் எந்தப் பள்ளிக்குப் போகவேண்டும் என்பதையும் குடும்பமே தீர்மானிக்கலாம். இப்போதைய எண்களை, கேட்கும் பள்ளிக்கு மட்டும் அனுப்புங்கள். 86 உங்கள் மகளுக்குச் சாதகமானதுதான், ஆனால் அதைத் தனியாகப் பிரித்து அனுப்ப வழியில்லை. 47ம் கூடவே போகும். ஆங்கிலத்தில் ஏ வாங்கும் பிள்ளைக்கு ஏன் 47 என்று நேர்காணலில் கேட்டால், நேரமும் தனிச்சொற்களும் கடினமாக இருந்தன என்று அவளே சொல்லட்டும். அதற்காக மன்னிப்புக் கேட்கும் பாவனையில் விண்ணப்பத்தில் பெற்றோர் எழுதும் பக்கத்தில் ஒரு பத்தி எழுதாதீர்கள். அப்படி எழுதுபவர்கள் நிறையப் பேர்.

பல பள்ளிகளுக்கு விண்ணப்பக் கடைசி நாள் ஜனவரி நடுவில் வருகிறது. டிசம்பர்த் தேர்வின் முடிவு அதற்குள் வந்துவிடும். ஆனால் பதிவு செய்வதற்கு முன்னால் உங்கள் கணவர் அவளிடம் அந்த வார்த்தையைப் பற்றிப் பேசவேண்டும். நீங்கள் சமாதானம் சொல்வது போதாது. பிறகு, மறுபடி எழுத விருப்பமா என்று அவளிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் பணத்தைக் கட்டாதீர்கள். அந்த ஆறு வாரத்தை விண்ணப்பக் கட்டுரைக்கும், பள்ளிகளை நேரில் போய்ப் பார்ப்பதற்கும் கொடுங்கள்.

அன்புடன்.